முகட்டின் பெயரும் பரப்பின் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

காமாக் கதிர்களைப் பகுத்தாய்ந்து கதிரியக்கப் பொருள்களை இனங்காண்பது, அளவிடுவது ஆகியவை குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகள் ஒன்றாக்கப்பட்டுள்ளன.

கேள்வி: கெய்கர் கருவி எந்தக் கதிரியக்கப் பொருளுக்கும் ஒரே ஒலியைத்தான் எழுப்புகிறது. அப்படியிருக்க, ஒரு மாதிரியில் இருப்பது சீசியமா கோபால்ட்டா என்று ஆய்வகத்தில் எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

பதில்: கெய்கர் குழாய்க்குள் புகுந்த கதிர் வலியதாயினும் மெலியதாயினும், அது எழுப்பும் மின்துடிப்பின் உயரம் ஒன்றுதான். எத்தனை கதிர்கள் வந்தன என்பதை அது எண்ணும். எங்கிருந்து வந்தவை என்பதை அதனிடம் கேட்டுப் பயனில்லை. இனங்காண வேண்டுமானால், ஒவ்வொரு கதிரும் சுமந்து வரும் ஆற்றலை அளக்கும் கருவி தேவை.

பெரும்பாலான கதிரியக்க அணுக்கள் சிதைந்த பிறகு, எஞ்சும் அணுக்கரு உடனே அமைதியடைவதில்லை. அது ஓர் உயர் ஆற்றல் நிலையில் நின்று, அங்கிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்கும்போது, அவ்விரு நிலைகளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் காமாக் கதிராக வெளிவிடுகிறது. இந்த நிலைகள் ஒவ்வோர் அணுக்கருவுக்கும் தனித்தனியே வரையறுக்கப்பட்டவை. பொருள் உப்பாக இருக்கிறதா, உலோகமாக இருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்பதெல்லாம் அவற்றை மாற்றுவதில்லை. ஆகவே கோபால்ட்-60 எங்கே இருந்தாலும் 1173, 1332 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரு கதிர்களைத் தருகிறது. பொட்டாசியம்-40 1461-இலும், அயோடின்-131 364-இலும், அமெரிசியம்-241 59.5-இலும் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. (இனி இந்தப் பகுதியில் ஆற்றலைக் குறிக்கும் எண்கள் யாவும் கிலோ எலக்ட்ரான் வோல்ட் அலகில் உள்ளவை.)

ஓர் இடைக்குறிப்பு. சீசியம்-137-இன் அடையாளமாக எல்லாரும் சொல்லும் 661.7 என்ற கதிரை வெளிவிடுவது உண்மையில் சீசியம் அன்று. சீசியம் பீட்டாச் சிதைவடைந்து கிளர்நிலைப் பேரியம்-137 ஆகிறது, 2.55 நிமிட அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) கொண்ட அந்தப் பேரியமே காமாக் கதிரை வெளிவிடுகிறது. தந்தையின் பெயரில் மகன் கையெழுத்திடுவது போன்ற இந்த ஏற்பாடு இத்துறையில் மிகச் சாதாரணம். யுரேனியம் பற்றிய கேள்வியில் மறுபடியும் இதைச் சந்திப்போம்.

எந்த ஆற்றலில் எத்தனை கதிர்கள் பதிவாயின என்று கருவி வரையும் வரைபடத்தில், இத்தகைய ஆற்றல்களில் எழும் கூர்முனையே முகடு. ஆனால் ஒரே ஒரு முகட்டைப் பார்த்துவிட்டுப் பெயர் சூட்டுவது அவசரம். அறியப்பட்ட காமா ஆற்றல்கள் பல்லாயிரம். ஏதேனும் ஓர் அணுவின் எண் எதனுடனும் ஒத்துப்போகக்கூடும். எனவே, அதே அணுவுக்குரிய மற்ற முகடுகளும் உரிய விகிதத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். 1332-இல் முகடு இருந்து, 1173-இல் ஏறத்தாழ அதே வலிமையுடன் இன்னொன்று இல்லையென்றால், அது கோபால்ட்-60 அன்று. ஐயம் தீராவிட்டால் சில நாள்கள் கழித்து மறுபடி அளந்து, முகடு எந்த வேகத்தில் தேய்கிறது என்று பார்ப்பார்கள். 8 நாள் அரை ஆயுள் உள்ள அயோடின்-131 போன்றவற்றுக்கு அதைவிட உறுதியான சான்று வேறில்லை.

கேள்வி: சீசியம்-137 ஒரே ஆற்றலில் கதிரை வெளிவிடுகிறது என்றால், வரைபடத்தில் ஒரே ஒரு கோடு அல்லவா தெரிய வேண்டும்? பாடநூலில் உள்ள படத்தில் இடப்பக்கம் பெரிய மேடும் சிறு குன்றுகளும் தெரிகின்றன. அவை எங்கிருந்து வந்தன?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டவர் இயற்பியல் மாணவி என்று எழுதியிருக்கிறார். அவர் நல்ல இடத்தில் கைவைத்திருக்கிறார்.

மூலத்திலிருந்து வெளிவருவது ஒரே ஆற்றல்தான். ஆனால் வரைபடம் காட்டுவது மூலம் வெளிவிட்ட ஆற்றலை அன்று. கருவியின் படிகத்துக்குள் கதிர் விட்டுச்சென்ற ஆற்றலை. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கதிர் தன் ஆற்றல் முழுவதையும் ஓர் எலக்ட்ரானுக்குக் கொடுத்து மறைந்தால் அது ஒளிமின் விளைவு. அப்போது எண்ணிக்கை 661.7-இல் பதிவாகிறது. அங்கே எழும் கூரிய முகடுதான் முழு ஆற்றல் முகடு. மாறாக, கதிர் ஓர் எலக்ட்ரானை மோதிவிட்டு, மீந்த ஆற்றலோடு படிகத்தை விட்டு வெளியேறிவிட்டால், ஒரு பகுதி மட்டுமே பதிவாகும். ஆர்தர் காம்ப்டன் 1923-இல் விளக்கிய சிதறல் இதுவே. எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்பதைப் பொறுத்து, விட்டுச்செல்லும் பங்கு மாறுகிறது. நேர் பின்னோக்கித் திரும்பும்போது அது உச்சத்தை அடைகிறது. சீசியத்தின் கதிருக்கு அந்த உச்சம் ஏறத்தாழ 477. ஆகவே சுழியம் முதல் 477 வரை ஒரு மேடு படர்ந்து, அங்கே செங்குத்தாகச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் காம்ப்டன் விளிம்பு என்று பெயர்.

சிறு குன்றுகளுள் 184-ஐ ஒட்டி இருப்பது, கருவியைச் சூழ்ந்த சுவரிலும் கவசத்திலும் மோதிப் பின்திரும்பி வந்த கதிர்களுடையது. 661.7-இலிருந்து 477-ஐக் கழித்தால் 184 வருவதைக் கவனித்தால், கணக்கு நேராக இருப்பது விளங்கும். 32-ஐ ஒட்டியிருப்பது பேரியத்தின் எக்ஸ் கதிர். 75-ஐச் சுற்றி ஏதேனும் தெரிந்தால், அது பெரும்பாலும் கவசத்திலுள்ள காரீயத்தின் எக்ஸ் கதிர். அதை விழுங்குவதற்காகவே காரீயக் கவசத்தின் உட்புறத்தில் வெள்ளீயமோ காட்மியமோ, அதன் மேல் செம்பும் கொண்ட மெல்லிய உறை போடுவார்கள்.

இன்னும் உயர்ந்த ஆற்றல்களில் வேறொரு குழப்பம் சேர்கிறது. 1022-க்கு மேற்பட்ட கதிர், ஓர் எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானுமாக மாறக்கூடும். பாசிட்ரான் அழியும்போது தோன்றும் 511 ஆற்றலுள்ள இரு கதிர்களில் ஒன்றோ இரண்டோ தப்பிவிட்டால், முதல் முகட்டுக்குக் கீழே 511 தள்ளியும் 1022 தள்ளியும் போலி முகடுகள் எழும். தாலியம்-208-இன் 2614 முகட்டைப் பார்த்தவர்கள் 2103-இலும் 1592-இலும் புதிய பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்ந்து, பிறகு அசடு வழிந்த கதைகள் அளவீட்டு ஆய்வகங்களுக்குப் புதியவை அல்ல.

கேள்வி: கைப்பேசியின் ஒளிப்படக் கருவியைக் கொண்டே கதிரியக்கத்தை அளக்கலாம் என்கிறார்களே?

பதில்: லென்ஸை மறைத்துவிட்டால், வலிய கதிர்வீச்சு அந்த உணரியில் வெண்புள்ளிகளை உண்டாக்கும் என்பது உண்மை. ஆனால் அது மிக மெல்லிய சிலிக்கான் தகடு. சீசியத்தின் கதிர் தன் முழு ஆற்றலையும் அதில் விட்டுச்செல்வது அரிது. முழு ஆற்றல் முகடு இல்லாத இடத்தில் இனங்காண்பதற்கு எதுவும் இல்லை.

கேள்வி: சோடியம் அயோடைடு, ஜெர்மானியம் என்று இருவகைக் கருவிகள் உள்ளனவாம். விலை மிகுந்த ஜெர்மானியம்தான் எப்போதும் சிறந்ததா?

பதில்: எதற்குச் சிறந்தது என்பதைப் பொறுத்தது. சிறிதளவு தாலியம் கலந்த சோடியம் அயோடைடுப் படிகம் காமாக் கதிர் பட்டதும் ஒளிர்கிறது. ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் 1948-இல் இதைக் கண்டறிந்தார். அந்த ஒளியை ஒளிப்பெருக்கிக் குழாய் மின்துடிப்பாக மாற்றுகிறது. ஜெர்மானியத்தில் ஒளி என்ற இடைத்தரகர் இல்லை. கதிரின் ஆற்றல் நேரடியாக மின்னூட்ட இணைகளாக மாறுகிறது. ஓர் இணைக்கு ஏறத்தாழ 3 எலக்ட்ரான் வோல்ட் போதும் என்பதால், சீசியத்தின் ஒரு கதிர் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட இணைகளை உண்டாக்கும். சோடியம் அயோடைடில், அதே கதிருக்கு ஒளிப்பெருக்கியின் முதல் தகட்டிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் சில ஆயிரம் மட்டுமே. எண்ணிக்கை குறைந்தால் ஏற்ற இறக்கம் மிகும். ஏற்ற இறக்கம் மிகுந்தால் முகடு அகலும்.

விளைவைப் பாருங்கள். 662-இல் சோடியம் அயோடைடின் முகட்டு அகலம் ஏறத்தாழ 7 விழுக்காடு, அதாவது 46. ஜெர்மானியத்தில் அது 1.3 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. சீசியம்-134-இன் 604.7-ஐயும், மண்ணில் இயல்பாகவே உள்ள பிஸ்மத்-214-இன் 609.3-ஐயும் சோடியம் அயோடைடு ஒரே குன்றாகக் காட்டும். ஜெர்மானியம் இரண்டு கோபுரங்களாக நிறுத்தும். என்ன இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாத மாதிரிக்கு ஜெர்மானியம்தான் சரி.

அதற்கான விலை குளிர். ஜெர்மானியத்தின் ஆற்றல் இடைவெளி மிகச் சிறியது. அறை வெப்பத்திலேயே எலக்ட்ரான்கள் அதைத் தாண்டி, கதிர் இல்லாமலே மின்னோட்டத்தை எழுப்பிவிடும். எனவே அதைத் திரவ நைட்ரஜனாலோ மின்குளிர்விப்பானாலோ சுழியத்துக்குக் கீழே நூறு டிகிரிக்கும் மேலாக இறக்கிவைக்க வேண்டும்; திரவ நைட்ரஜனின் கொதிநிலை கழித்தல் 196 டிகிரி செல்சியஸ். ஆகவே தொலைந்துபோன ஒரு கதிர்மூலத்தை வாகனத்திலோ வானூர்தியிலோ தேடும்போது, பெரிய சோடியம் அயோடைடுப் படிகங்களே இன்றும் கைகொடுக்கின்றன. 1978 ஜனவரியில் அணு உலையுடன் கனடாவின் வடபகுதியில் விழுந்த சோவியத் செயற்கைக்கோள் காஸ்மோஸ் 954-இன் சிதறல்கள், வானூர்திகளில் ஏற்றிய காமா அளவிகளின் துணையுடன்தான் தேடப்பட்டன. தேடுவதற்கு வேண்டியது பருமன். பிரித்தறிவதற்கு வேண்டியது கூர்மை.

கேள்வி: முகட்டைக் கண்டதும் பெயரைச் சொல்லிவிடலாம், சரி. ஒரு கிலோகிராமில் இத்தனை பெக்கரல் என்ற எண்ணை அந்த முகட்டிலிருந்து எப்படிப் பெறுகிறார்கள்?

பதில்: இத்துறையில் பெயரைச் சொல்வது பாதி நாள் வேலை, அளவைச் சொல்வதுதான் ஆண்டுக்கணக்கில் கற்க வேண்டியது என்பது என் கருத்து. ஆகவே இந்த விடை சற்று நீளும்.

முதலில் கணக்கு. பெக்கரல் என்பது நொடிக்கு ஒரு சிதைவு. அரை கிலோகிராம் மாதிரி ஒன்றை 60,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 17 மணி நேரம், அளந்ததாகக் கொள்வோம். 661.7 முகட்டின் பரப்பிலிருந்து அதன் அடியில் உள்ள பின்னணியை (பிற கதிர்களால் அங்கே பதிவான எண்ணிக்கையை) கழித்ததும் 5,106 எண்ணிக்கைகள் நிற்கின்றன. சீசியம்-137-இன் 100 சிதைவுகளில் 85.1-இல் மட்டுமே இந்தக் கதிர் வெளிவருகிறது. வெளிவந்த கதிர்களுள் 100-க்கு 2 மட்டுமே, இந்த மாதிரி இருக்கும் கலத்திலும் தொலைவிலும், முழு ஆற்றல் முகட்டில் பதிவாகும் என்றும் கொள்வோம். அப்படியானால் 5,106-ஐ, 0.02, 0.851, 60,000, 0.5 ஆகிய நான்கின் பெருக்கற்பலனான 510.6-ஆல் வகுக்க வேண்டும். விடை கிலோகிராமுக்கு 10 பெக்கரல்.

இந்த நான்கு எண்களில் நேரத்தையும் நிறையையும் எவரும் அளந்துவிடலாம். சிதைவுகளில் எத்தனையில் கதிர் வெளிவரும் என்ற 0.851 அட்டவணையில் இருக்கிறது. தொல்லை முழுவதும் 0.02 என்ற அந்தக் கண்டறிதிறனில்தான் குடியிருக்கிறது. அது ஆற்றலுக்கு ஆற்றல் மாறும்: நடுத்தர ஆற்றல்களிலிருந்து மேலே போகப்போகக் குறையும், மிகத் தாழ்ந்த ஆற்றல்களில் கருவியின் உறையே கதிரை விழுங்குவதால் அங்கும் குறையும். மாதிரியின் வடிவத்தைப் பொறுத்தும் மாறும். குழிந்த அடிப்பகுதியுடன் கருவியின் தலையைக் குல்லாய் போல மூடி உட்காரும் மரினெல்லி கலத்தில் ஓர் எண். தட்டையான டப்பாவில் வேறோர் எண். அடர்த்தியைப் பொறுத்தும் மாறும். நீர்க்கரைசலைக் கொண்டு அளவுத்திருத்தம் செய்துவிட்டு, அதே எண்ணை வைத்துக் கனமான மணலை அளந்தால், மணல் தன் கதிர்களையே ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். அமெரிசியத்தின் 59.5 போன்ற தாழ்ந்த ஆற்றலில் இந்தப் பிழை மிகப் பெரிதாகிவிடும். 1461-இல் அவ்வளவாகத் தெரியாது. எனவே, செயல்பாடு (நொடிக்கு நிகழும் சிதைவுகளின் எண்ணிக்கை) சான்றளிக்கப்பட்ட பல அணுக்களைக் கலந்த ஒரு செந்தர மாதிரியை, அளக்கப்போகும் அதே கலத்தில், அதே உயரத்துக்கு நிரப்பி, இயன்றவரை அதே அடர்த்தியில் அளந்துதான் கண்டறிதிறன் வளைகோட்டை வரைகிறார்கள். இது இயலாத இடங்களில் கணினி உருவகத்தின் உதவியை நாடுகிறார்கள்.

அதன் பிறகும் ஒரு பொறி காத்திருக்கிறது. கோபால்ட்-60-இன் இரு கதிர்களும் ஒரே சிதைவில், கருவியால் பிரித்தறிய முடியாத இடைவெளியில் அடுத்தடுத்து வருகின்றன. மாதிரியைக் கருவிக்கு மிக அருகில் வைத்தால், இரண்டும் ஒன்றாகப் புகுந்து 2505-இல் ஒற்றை எண்ணிக்கையாகப் பதிவாகும். அந்த அளவுக்கு 1173, 1332 முகடுகள் குறையும். கோபால்ட் இருப்பதைவிடக் குறைவாகத் தோன்றும். அருகில் வைத்தால் எண்ணிக்கை கூடும் என்ற பொது அறிவு இங்கே நம்மைத் தவறான விடைக்கு இட்டுச் செல்கிறது. சீசியம்-137-க்கு இந்தச் சிக்கல் இல்லை. அது மட்டும் உள்ள மூலத்தால் அளவுத்திருத்தம் செய்து பழகியவர்கள் கோபால்ட்டிடம் வழுக்கி விழுவது இதனால்தான்.

மேலே கண்ட 10 பெக்கரலுக்கு வருவோம். 5,106-இன் வர்க்கமூலம் 71. எண்ணிக்கையால் மட்டும் வரும் ஐயப்பாடு, பின்னணி மிகக் குறைவாக இருந்தால், 1.4 விழுக்காடு. கண்டறிதிறனின் ஐயப்பாடு 5 விழுக்காடு என்றால், மாதிரியை இன்னும் மூன்று நாள் கருவியில் வைத்திருந்தாலும் விடையின் தரம் அநேகமாக உயராது. ஐயப்பாடு குறிக்கப்படாமல் தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களுடன் வரும் அறிக்கையைக் கண்டால், அதைத் தயாரித்தவர் கருவியின் திரையில் தெரிந்ததை அப்படியே எழுதிவிட்டார் என்று எண்ண இடமுண்டு.

கேள்வி: மண்ணில் யுரேனியத்தை அளக்கும் முன் மாதிரியை மூன்று நான்கு வாரம் மூடி முத்திரையிட்டு வைப்பது ஏன்? மேலும், யுரேனியம் கேட்டால் பிஸ்மத்தின் முகட்டை ஏன் காட்டுகிறார்கள்?

பதில்: யுரேனியம்-238-இன் சொந்தக் காமாக் கதிர்கள் மிக மெலிந்தவை. ஆனால் அது சிதைந்து சிதைந்து காரீயம்-206 ஆகும் நீண்ட வரிசையில், காரீயம்-214-உம் (352) பிஸ்மத்-214-உம் (609, 1764) ஓங்கிய முகடுகளைத் தருகின்றன. வரிசை முழுவதும் சமநிலையில் இருந்தால் எல்லா உறுப்புகளின் செயல்பாடும் சமம். ஆகவே பேரனை அளந்து பாட்டனின் அளவைச் சொல்லலாம். நடுவில் ரேடான்-222 என்ற வளிமம் இருப்பதுதான் சங்கடம். மாதிரியை உலர்த்தி, பொடித்து, சலிக்கும்போது அது வெளியேறிவிடுகிறது. அதன் அரை ஆயுள் 3.82 நாள். காற்றுப் புகாமல் மூடி ஏழு அரை ஆயுள்கள், அதாவது ஏறத்தாழ 27 நாள் காத்திருந்தால், ரேடியத்துடனான சமநிலை 99 விழுக்காட்டுக்கு மேல் மீண்டுவிடும்.

கவனிக்க: மீள்வது ரேடியம்-226-உடனான சமநிலை மட்டுமே. ரேடியத்துக்கும் யுரேனியத்துக்கும் இடையிலான உறவு, நீரால் கரைத்துச் செல்லப்பட்ட மண்ணிலும் பதப்படுத்திய பொருள்களிலும் முன்பே முறிந்திருக்கலாம். அதை எத்தனை வாரம் மூடிவைத்தாலும் ஒட்டவைக்க முடியாது. அத்தகைய மாதிரியில் பிஸ்மத்தைக் கொண்டு யுரேனியத்தைச் சொல்வது ஊகமே. ரேடியத்தை அதன் சொந்த 186.2 முகட்டால் அளக்கலாமே என்றால், யுரேனியம்-235-இன் 185.7 அதன் மேலேயே வந்து அமர்கிறது. ஜெர்மானியத்தாலும் இந்த இரண்டையும் பிரிக்க இயலாது. சமநிலையிலுள்ள இயற்கை மாதிரியில் அந்தக் கூட்டு முகட்டின் பாதிக்குச் சற்று மிகுதியான பங்கே ரேடியத்துடையது.

கேள்வி: அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதினால், அந்தப் பொருள் அறவே இல்லை என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. இந்த மாதிரியை, இந்தக் கருவியில், இவ்வளவு நேரம் வைத்தபோது, பின்னணியின் ஏற்ற இறக்கத்திலிருந்து வேறுபடுத்திக் காட்டும் அளவுக்கு அது இல்லை என்பதே பொருள். அந்த எல்லையைக் கணக்கிடும் முறையை லாய்ட் கரி 1968-இல் வகுத்தார். பின்னணி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 4.65-ஆல் பெருக்கி 2.71-ஐக் கூட்டும் அவரது சூத்திரம் இன்றும் ஆய்வகங்களில் வழங்குகிறது. எல்லையைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் அளக்க வேண்டும்; அல்லது பின்னணியைக் குறைக்க வேண்டும். புதிய காரீயத்தில் 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட காரீயம்-210 கலந்திருப்பதால், மிக நுண்ணிய அளவீடுகளுக்குப் பல நூற்றாண்டு பழைய காரீயத்தைத் தேடிப்பிடித்துக் கவசம் செய்கிறார்கள். எல்லை எவ்வளவு என்று எண்ணால் குறிக்காத 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லைத் திருப்பி அனுப்பி விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: காமாப் பகுப்பாய்வு எல்லாக் கதிரியக்கப் பொருள்களையும் காட்டிவிடுமா?

பதில்: காட்டாது. ஸ்ட்ரான்சியம்-90, டிரிட்டியம், கார்பன்-14 ஆகியவை பீட்டாத் துகளை மட்டும் வெளிவிடுபவை; காமாக் கருவியின் முன் அவை ஊமைகள். வேதிமுறையில் பிரித்தெடுத்து வேறு கருவிகளால்தான் அளக்க முடியும். காமா அறிக்கை ஒன்றை மட்டும் காட்டி, 'கதிரியக்கமே இல்லை' என்று எவரேனும் சொன்னால் இதை நினைவில் கொள்க.

கேள்வி: ஒரு மாதிரியில் உள்ள சீசியம் எந்த விபத்திலிருந்து வந்தது என்றுகூடச் சொல்கிறார்களே, அது சாத்தியமா?

பதில்: பெரும்பாலும் சாத்தியம், அதற்கு உதவுவது சீசியம்-137-இன் உடன்பிறப்பான சீசியம்-134. யுரேனியம் பிளவுறும்போது 134 என்ற நிறையெண்ணில் தோன்றும் சிதைவுத் தொடர், நிலையான செனான்-134-இல் வந்து நின்றுவிடுகிறது; அதைத் தாண்டிச் சீசியம்-134 வரை போவதில்லை. நிலையான சீசியம்-133 நீண்ட நாள் உலைக்குள் இருந்து நியூட்ரானை விழுங்கினால்தான் சீசியம்-134 உண்டாகும். நொடிக்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும் அணுகுண்டு வெடிப்பில் அதற்கு நேரமில்லை. ஆகவே குண்டுச் சோதனைகளின் வீழ்படிவில் சீசியம்-137 மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் இருக்கும். உலையிலிருந்து வந்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

1986-இல் செர்னோபிலில் வெளியானபோது, சீசியம்-134-இன் செயல்பாடு சீசியம்-137-இனுடையதில் ஏறத்தாழ பாதி. 2011-இல் ஃபுகுஷிமாவில் இரண்டும் ஏறத்தாழச் சமம். சீசியம்-134-இன் அரை ஆயுள் 2.06 ஆண்டு, சீசியம்-137-க்கு அது 30 ஆண்டு. எனவே 2011-க்குள் செர்னோபிலின் சீசியம்-134 ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்காகத் தேய்ந்து மறைந்துவிட்டிருந்தது. அந்த ஆண்டு உலகின் பல மூலைகளில் காற்று வடிகட்டிகளில் 605-இலும் 796-இலும் முகடுகள் எழுந்தபோது, அவை எங்கிருந்து வந்தவை என்பதில் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. இந்தக் கடிகாரமும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது: ஃபுகுஷிமாவில் ஒன்றுக்கு ஒன்றாக இருந்த விகிதம் பத்தாண்டுகளில் 100-க்கு 4 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.